தலைவர் எழுந்தார்

"லிஃப்ட் சுவிட்சைப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டார் சார், இந்த மகராசன்! பன்னிரண்டு நாள். குடியிருக்கிறவங்களுக்குப் படியேறி நாக்குத் தள்ளிப் போச்சு" என்றார் கட்டட முதலாளி.

லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கத்தின் விசாரணை அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்கள் தலையசைத்தால் லைசென்ஸ் ரத்து. இருபது வருஷத் தொழில் அதோடு சரி.

மெக்கானிக் எழுந்து நின்றார். "பிரேக் தேஞ்சு போயிருந்தது சார். ஓட விட்டா உயிருக்கே ஆபத்து."

"ஆதாரம்?" இடது ஓரத்தில் இருந்தவர் கேட்டார்.

"முதலாளி வேற ஆளை வெச்சு பிரேக்கை மாத்தி, பழசைத் தூக்கிப் போட்டுட்டார் சார்."

"பார்த்தவங்க யாராவது?"

"இல்லை சார்."

முதலாளி சிரித்தார். "நல்லா இருந்த பிரேக் சார்!"

நடுவில் வாயே திறக்காமல் இருந்த தலைவரை மெக்கானிக் அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். அதே ஆள்! லிஃப்டைப் பூட்டிய அன்று மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் கொடுத்தான்?" என்று கத்தியவர்.

போச்சு. வீட்டில் என்ன சொல்வது?

தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"அந்தக் கட்டடத்துல அஞ்சாவது மாடி என் வீடு. சம்பந்தப்பட்டவங்க தீர்ப்புச் சொல்லக் கூடாதுங்கறது நம்ம விதி. நான் விலகிக்கிறேன்."

"ஐயோ, நீங்க இருங்க சார்!" முதலாளி பதறினார். "படியேறின வலி உங்களுக்குத்தானே தெரியும்!"

தலைவர் வாசல் பக்கம் போகவில்லை. நொண்டியபடி வந்து, மெக்கானிக்கின் பக்கத்தில் இருந்த சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்க. அன்னைக்கு இவரைத் திட்டின கையோட, இவர் மேல தப்புக் கண்டுபிடிக்கணும்னே மெஷின் ரூம் வரைக்கும் ஏறிப் போய்ப் பார்த்தேன். நானும் முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன். அந்த பிரேக்குல இனிமே தேயறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்லை."

இடது ஓரத்தில் இருந்தவர் புகார்த் தாளை மடித்து முதலாளி பக்கம் தள்ளினார்.

தலைவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தத் தலைவர் நாற்காலியில இருந்துக்கிட்டு சாட்சி சொல்ல முடியாதே, அதான் இறங்கி வந்தேன். உட்காருங்க தம்பி. மாடியேறினது நான், உங்க காலு ஏன் நடுங்குது?"