புதினாத் தொட்டி

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு புதுக் கல்லின் மேல் நடந்தார். பத்தடி போனதும் குனிந்து, தொட்டியிலிருந்த செடியின் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

"புதினா. இங்க திரும்பினா பெஞ்சு."

வலப்பக்கம் திரும்பி, பெஞ்சைக் கையால் தொட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார். கொத்தனாருக்கு நெஞ்சு இளகிவிட்டது. பார்வை போன மனைவிக்காக ஒரு தோட்டத்தையே மாற்றுகிற மனிதரை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டின் பின்பக்கம் புதர் மண்டிக் கிடந்த இடம் அது. ஒரு வாரத்தில் சமப்படுத்தி, மணல் பரப்பி, கல் பதித்தாயிற்று. பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் பெஞ்சு, இடப்பக்கம் கிணறு. இரண்டு பிரிவின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தொட்டி: பெஞ்சுக்குப் புதினா, கிணற்றுக்கு எலுமிச்சைப் புல். புதினா இருக்கிற பக்கம் போகலாம், புல் இருக்கிற பக்கம் கால் வைக்கவே கூடாது என்று அவர் மனைவிக்குத் தினமும் பாடம் நடத்துவது மாடியிலிருந்து கேட்கும்.

கிணற்றின் சுற்றுச்சுவர் வெடித்திருந்ததால் இடித்திருந்தார்கள். புதிதாகக் கட்ட ஆரம்பிக்கலாமா என்று கொத்தனார் கேட்டதற்கு, முதலில் பாதை முடியட்டும், சுவர் அடுத்த வாரம் என்றுவிட்டார் வீட்டுக்காரர். பலகையாவது போட்டு மூடலாமே என்றதற்கு, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த அம்மாவைக் கொத்தனார் ஒரே ஒரு தடவைதான் கிட்டத்தில் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கோல், சுவரைத் தடவித் தடவி நடை. அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அன்று கல் வெட்டும்போது கொத்தனாருக்கு விரலில் காயம் பட்டது. வாய் திறக்காமல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திட்டில் ஒரு கோப்பைத் தேநீரும், பக்கத்தில் ஒரு பிளாஸ்திரியும் இருந்தன. வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி நாள். கிணற்றுக்கு முன்னால் ஒரு வரிசை மட்டும் வரி போட்ட கல்லாகப் பதித்திருந்தார் கொத்தனார். பாதத்தில் சொரசொரவென்று பட்டால் எச்சரிக்கையாக இருக்கும் என்று அவராகச் செய்தது. வீட்டுக்காரர் அதைக் கால் விரலால் நிரடிப் பார்த்தார்.

"இதைப் பேத்துட்டு வழவழன்னு போட்டுடுங்க மேஸ்திரி. அவளுக்குத் தடுக்கும்."

பெயர்த்துவிட்டு வழவழப்பான கல்லைப் பதித்தார். அடுத்து, புதினாவுக்கு வெயில் போதவில்லை என்று இரண்டு தொட்டிகளையும் இடம் மாற்றச் சொன்னார்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லாம இருப்பேனா?"

கல்லைப் பதித்ததும் தட்டிப் பார்ப்பது கொத்தனாரின் வழக்கம். அடியில் மணல் நிறையாத கல் வேறு மாதிரி ஒலிக்கும். அந்தப் பதில் அப்படி ஒலித்தது. ஆனாலும் தொட்டிகளை மாற்றி வைத்தார்.

சாமான்களை அள்ளிக்கொள்ளக்கூட வீட்டுக்காரர் நேரம் கொடுக்கவில்லை. தானும் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கடைக்குப் போறேன். வர ஒரு மணி நேரமாகும். பெஞ்சு தயாரா இருக்கு, போய் உக்காரு. புதினா ஞாபகம் இருக்குல்ல?"

தெருமுனை வரை இருவரும் ஒன்றாக நடந்தார்கள். வீட்டுக்காரர் கடைப் பக்கம் திரும்பியதும், மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை மறந்துவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கொத்தனார் திரும்பி ஓடினார். ரசமட்டம் தோள்பைக்குள் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது.

பின்கதவு திறந்திருந்தது. பாதை பிரிகிற இடத்தில் அந்த அம்மா குனிந்து இலையைக் கசக்கி முகர்ந்தார். நிமிர்ந்தார். இடப்பக்கம் திரும்பினார். ஓரடி. இன்னோரடி.

"அம்மா, நில்லுங்க. அது கிணறு."

நின்றார். விளிம்புக்கு ஒரு கல் பாக்கி இருந்தது. கீழே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அந்த அம்மா கையிலிருந்த கோலைக் கிணற்றுக்குள் விட்டார். அது தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வரச் சற்று நேரமாயிற்று.

"கட்டு நனைஞ்சிருக்கே அண்ணா. வேற மாத்துங்க."

கொத்தனார் தன் விரலைப் பார்த்தார். அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு நாளாத் தெரியுது. தோட்டம் முடியற அன்னிக்குச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம்னு இருந்தேன்." கண்ணாடியை மடித்தார். "தொட்டியை மாத்தறப்போ ஜன்னல்ல நின்னேன். அவர் சொன்னபடியே நடந்தா எங்க கொண்டு விடும்னு பாக்கத்தான் வந்தேன்."

வாசலில் இரும்புக் கதவு கிரீச்சிட்டது. கடைக்குப் போனவர் அதற்குள் திரும்பிவிட்டார்.

அந்த அம்மா அவசரப்படாமல் பின்கதவுக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றார்.

"அம்மா கிணத்துல விழுந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க அண்ணா. அவர் முகத்தை நான் பாக்கணும்."