பச்சை எடுப்பா, சிவப்பு எடுப்பா

நட்சத்திரம் காட்ட எந்த நிற லேசர் எடுபடும் என்று பார்க்க, கடைக்காரர் ஷட்டரை இறக்கி விளக்கை அணைக்கிறார். கூரையில் சிவப்புப் புள்ளி ஒன்று துடிக்கிறது. தங்கையோ, ஷட்டர் இடுக்கில் கசியும் வெளிச்சத்தில் அண்ணன் முகத்தையே பார்க்கிறாள். கொஞ்ச நாளாகவே, இருட்டினால் போதும், கதவு நிலையில் முட்டிக்கொண்டு வீடு கட்டினவனைத் திட்டுகிறான். கேட்டால் மழுப்புகிறான். “சிவப்பு மங்கலா இருக்குங்க. பச்சையைக் காட்டுங்க” என்கிறான் இப்போது. புள்ளி மறைகிறது. ஏதோ ‘கிளிக்’ என்கிறது. “ஆங், இதுதான். பளிச்சுன்னு இருக்கு. நீ என்னம்மா சொல்றே?” என்கிறான் அண்ணன். கூரை கறுப்பாகவே இருக்கிறது. “இருங்க சார்,” என்கிறார் கடைக்காரர், “இப்பத்தான் பேட்டரி மூடியையே திறக்கறேன்.” அண்ணனின் கை காற்றில் துழாவி, அவள் தோளைத் தேடுகிறது.