ஈரக் கம்பளத்துக்காக ஒரு கூட்டம்

கல்யாண மண்டபத்துக் கம்பளம் மழைத்தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அந்தத் தண்ணீரை எடுக்கத் தகுந்தவர் யார் என்று முடிவுசெய்யக் கருவிகள் கூட்டம் போட்டன.

வைப்பர் வரவேற்புரை ஆற்றியது. தண்ணீர் உறிஞ்சும் மெஷின் தலைமை வகித்தது. அதற்குப் பொன்னாடையாக, இருந்த ஒரே துண்டையும் போர்த்தியாயிற்று.

"யாராவது ஒருத்தர் வாங்களேன். அடியில ஊறி நாறுது" என்றது கம்பளம்.

"தலைவர் பேசுறப்ப குறுக்க பேசாதீங்க" என்றது வைப்பர்.

தலைவர் தன் மோட்டாரைப் பற்றி இரண்டு நாள் பேசியது.

மூன்றாம் நாள் கம்பளத்தில் ஒரு காளான் முளைத்தது. பாதிக்கப்பட்ட பகுதியின் பிரதிநிதி என்று அதனிடமும் கருவிகள் கருத்துக் கேட்டன.

"நல்லா யோசிச்சு முடிவெடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றது காளான்.

இப்படியொரு நிதானத்தை மெஷின் பார்த்ததே இல்லை. துண்டைக் கழற்றிக் காளானுக்குப் போர்த்தியது.