பொத்தானை மூடிய சீட்டு

மின்சாரம் கசிந்தால் உடனே டிரிப் ஆகி, மின்சாரத்தைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றுவதற்காக, ஒரு விடுதியில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்க்காமலே, அதன் மேல் ‘சோதிக்கப்பட்டது’ என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனார் ஆய்வாளர்.

“எனக்குள் துரு ஏறிவிட்டது. இனி டிரிப் ஆவேனா என்று எனக்கே தெரியவில்லை,” என்றது சுவிட்ச்.

“என்மேல் தேதியும் கையெழுத்தும் இருக்கிறது. உனக்கென்ன கவலை?” என்றது சீட்டு.

மறுவருடம் குளியலறை ஹீட்டர் கம்பி வழியே முனகியது: “எனக்குள் ஈரம் இறங்கிவிட்டது. மின்சாரம் கசிகிறது.”

அன்றே ஆய்வாளர் மறுபடி வந்தார். பொத்தானைத் தேடியவர் கண்ணில் சீட்டுதான் பட்டது.

“போன தடவையே பாஸ் ஆயிருக்கே,” என்று அதன் மேலேயே புதுச் சீட்டை ஒட்டினார்.

“பார்த்தாயா, இப்போது இரண்டு கையெழுத்து,” என்றது பழைய சீட்டு.

குளியலறையில் யாரோ ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தார்கள்.