ஆறு புதுப் பெயர்கள்

"அந்த ஊமைக்கோட்டான் ஒரு வார்த்தை பேசிட்டா நான் வேலையையே விட்டுடறேன்!"

வகுப்பாசிரியை யாரிடமோ சொல்லிச் சிரித்தது, நடையில் வந்துகொண்டிருந்த இளம்பெண்ணின் காதில் விழுந்தது. வாசிக்கத் திணறும் குழந்தைகளைச் சோதிக்க வந்தவள் அவள்.

உலகத்திலேயே இல்லாத ஆறு மிருகங்களின் படங்கள். அவளே இட்டுக்கட்டிய ஆறு பெயர்கள். சொல்லிக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பாள். புதிதாக ஒரு வார்த்தை மனதில் தங்குகிறதா என்று பார்க்கத்தான். தங்கவில்லையென்றால் அடுத்த வாரமே தனி வகுப்பு.

முதலில் வந்தவள் ஆசிரியை சொன்ன அந்த 'ஊமைக்கோட்டான்'. ஏழு வயது. ஆசிரியையும் கூடவே வந்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது மோசுணி. இது லிப்பாடு..." மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். "இப்ப நீ சொல்லு கண்ணு, இது என்ன?"

குழந்தை மேஜையையே பார்த்தாள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தும் ம்ஹும்.

"நான்தான் சொன்னேனே! தனி வகுப்புன்னு எழுதிடுங்கம்மா."

இளம்பெண் படிவத்தில் பூஜ்யம் போட்டு, குழந்தையை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். ஆசிரியை காபி குடிக்கப் போனார். திரும்பும்போது வெளியே காத்திருந்த அடுத்த குழந்தையை அழைத்து வந்தார்.

இவள் வகுப்பின் வாயாடி. உட்காரும் முன்பே ஒவ்வொரு படமாகத் தொட்டு, "மோசுணி, லிப்பாடு, தவுக்கா..." என்று ஆறையும் ஒப்பித்துவிட்டாள்.

இளம்பெண்ணுக்குச் சுருக்கென்றது. அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்கள்!

"மேடம், தப்பா நினைக்காதீங்க. வர்ற வழியில நீங்க ஏதாவது சொல்லிக் கொடுத்தீங்களா?"

"நானா? நல்லா இருக்கே கதை! எனக்கே அதுல ஒண்ணுகூட ஞாபகம் இல்ல."

"அப்ப யாரு?"

வாயாடி வெளியே பெஞ்சைக் காட்டினாள். "அவதான் மிஸ். தப்பாச் சொன்னா தலையில குட்டுறா!"

"அவளா? இங்க ஒண்ணுமே சொல்லலையே!"

"டீச்சர் இருந்தா அவளுக்கு வாயே வராது மிஸ்."

இளம்பெண் புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஆசிரியை எழுந்தார். பெஞ்சில் இருந்தவளை உள்ளே அனுப்பிவிட்டு, தான் வெளியே நின்று கதவைச் சாத்தினார்.