எட்டுச் சுருள்களோடு வந்த விருந்தாளி

நுரையீரலில் ஒரு செல் இருந்தது. வெளியிலிருந்து வருவதை உள்ளே சுமந்து செல்லும் அதன் பை ஒன்றின் சுவரில், இறுக்கி என்ற சிறிய புரதம் குடியிருந்தது. சுவர் நெகிழாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

ஒருநாள் அந்தப் பைக்குள் ஒரு ஃப்ளூ வைரஸ் வந்து சேர்ந்தது.

“கொஞ்சம் நகர்ந்துக்கோங்க, நான் இங்கேயே இறங்கணும்,” என்றது வைரஸ்.

“கையில என்ன?”

“எட்டுச் சுருள். உங்க வீட்டு ஆளுங்கதான் நகல் எடுத்துத் தரணும். வழிவிட்டா உங்களுக்கும் காட்டுறேன்.”

இறுக்கி அதுவரை அப்படியொரு சுருளைப் பார்த்ததேயில்லை. ஆசை தாங்காமல் பிடியைச் சற்றுத் தளர்த்தியது. சுவர் நெகிழத் தொடங்கியது.

“நகல் எடுத்து முடிச்சதும் இந்த வீடு என்ன ஆகும்?” என்று சும்மாதான் கேட்டது.

“நின்னு பார்த்ததில்லையே! அதுக்குள்ள அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.”

இறுக்கி சட்டென்று பிடியை இறுக்கியது. வைரஸ் முட்டியது, கெஞ்சியது. சுவர் அசையவில்லை. பை நகர்ந்து நகர்ந்து செல்லின் செரிமான அறையில் போய்க் கலந்தது. வைரஸும் சுருள்களும் அங்கே கரைந்துபோயின.

அவற்றில் அப்படி என்னதான் எழுதியிருந்தது? இறுக்கி வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தது. எல்லாரும் நலமாக இருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.