தாண்டாத எண்

தொழிற்சாலையில் கருக்கலைவுக் கணக்கெடுக்க வந்த பெண்ணின் தாளில், இரு பிரிவுக்கும் கலைந்தது, கலையாதது என்று நான்கு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. பெயிண்ட் பிரிவில் கருவுற்ற பத்துப் பேரில் நால்வருக்குக் கலைந்திருக்கிறது. பேக்கிங் பிரிவில் முப்பது பேரில் நால்வருக்கு. ஜன்னல் வெயிலில் பெயிண்ட் தூசி மினுங்குகிறது. “இது தற்செயலான்னு பார்க்கிற கை-ஸ்கொயர் சோதனை போட்டுப் பார்த்துட்டேன்க்கா. 3.84-ஐத் தாண்டினாத்தான் பெயிண்ட்டைக் குத்தம் சொல்ல முடியும். 3.33தான் வருது. தற்செயல்னு கம்பெனிக்காரங்க தள்ளிடுவாங்க.” “தாண்டுறதுக்கு என்ன வேணும்?” என்கிறாள் பெயிண்ட் பிரிவின் மூத்தவள், நகத்தில் காய்ந்த சிவப்பைச் சுரண்டியபடி. “உங்க பக்கம் இன்னும் ஒண்ணு கலைஞ்சிருந்தா...” “அடிப்பாவி, வாயைக் கழுவுடி!” மணி அடிக்கிறது. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்று மாதக் கர்ப்பிணி, துணியால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு பெயிண்ட் அறைக்குள் போகிறாள்.